மருந்துக்கு ஒரு வெண்டைக்காய்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். ஒரு மருந்துக் கடை வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண் மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "இந்த மாத்திரைய நுணுக்கிப் போட்டா கசக்குமாங்க?" என்று கேட்டாள்.

"யாருக்கும்மா, குழந்தைக்கா?"

"இல்ல, வீட்டுக்காரருக்கு."

"முழுங்க முடியலையா?"

"முழுங்க முடியும். முழுங்கமாட்டார்."

கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது பரவால்ல. ஆனா எல்லா மாத்திரையையும் இப்படிப் பண்ணிடாதீங்க, சிலதை உடைச்சா ஆபத்து. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். அவள் தலையை ஆட்டினாள். கேட்கப்போவதில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது. அவள் திரும்பி நடந்தபோது கையிலிருந்த துணிப்பையிலிருந்து வெண்டைக்காய் எட்டிப் பார்த்தது.

(அது பொய். அவள் பையை நான் பார்க்கவே இல்லை. வெண்டைக்காய் இருந்தது என் மண்டையில். ஆரோக்கிய இதழ் ஒன்றின் ஆசிரியை, 'வெண்டைக்காயின் மருத்துவக் குணங்கள்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார். நானும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் கேள்வியும் என் வெண்டைக்காயும் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு பிரிக்க முடியவில்லை. வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கு இது புரியும்.)

2

எங்கே ஆரம்பிப்பது?

'வெண்டை, பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவுக்காரச் செடி. அதன் பூ வெளிர்மஞ்சள். நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கண்.' ஆசிரியைக்குப் பிடிக்கும். ஆனால் இதில் ஆள் நடமாட்டமே இல்லை. எழுதி முடித்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.

'அவள் தன் கணவனை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.' இது கவனத்தைப் பிடித்து இழுக்கும். ஆனால் நீங்கள் வேறு எதையோ எதிர்பார்த்து வருவீர்கள். நான் வெண்டைக்காயை நீட்டினால் அடிக்க வருவீர்கள்.

'காலை. ஒரு டம்ளர். இரண்டு வெண்டைக்காய். ஒரு' — வேண்டாம், சமையல் குறிப்பு மாதிரி போகிறது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடி எழுந்தேன். கதையை ஆரம்பிக்கத் தெரியாதவள் வீட்டில் எல்லாக் குழாயும் சொட்டுகிற சத்தம் கேட்கும்.

கடைசியில் கதையை ஆரம்பித்துவைத்தது அந்தக் கணவன்தான். நான் இன்னும் அவருக்கு ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் டாக்டரின் அறையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "மருந்துக்குக்கூட எனக்கு மருந்து வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

3

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டுகளை மறுபடி ஓடவைப்பது அவர் வேலை. உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது, தினம் ஒரு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அண்ணன் இதே வியாதிக்குப் பல வருடங்கள் மாத்திரை விழுங்கினவர். கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கெட்டு, ஊதிப்போய், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கெடுத்தது சர்க்கரை, மாத்திரை அல்ல என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"எங்கண்ணன் மாத்திரை சாப்பிட்டான், செத்தான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றார் மெக்கானிக். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி, கூட வந்த மனைவியின் கையில் கொடுத்தார்.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். அவள் கெஞ்சினாள், அழுதாள், ஒரு நாள் பூராவும் பேசாமல் இருந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை. அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் செல்போனில் அவருக்கு ஒரு வீடியோ அனுப்பினார். வெண்டைக்காயின் இரண்டு முனையையும் வெட்டி, நடுவில் கீறி, டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை ஓடியே போய்விடுமாம். அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போனார். ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் பார்த்து, காய்க்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். ஆரம்பித்தது அவர், ஒரு வாரத்துக்குள் அது அவள் வேலையாகிவிட்டது. வீடுகளில் அப்படித்தான்.

திரைச்சீலையின் மடிப்பைப் படியவைக்க அவளிடம் பழைய, கனமான இஸ்திரிப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு நாள் காலை, அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, மாத்திரையைக் காகிதத்தில் மடித்து மேசையில் வைத்து, ஆறிக் கிடந்த பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். வெள்ளை மாவு. டம்ளரில் தட்டிக் கலக்கினாள். வெண்டைக்காய்த் தண்ணீரின் கொழகொழப்பு அதை அப்படியே வாங்கி மறைத்துக்கொண்டது.

அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னைக்கு ஒரு மாதிரி கசக்குதே."

அவள் மேசையைத் துடைத்தபடி, "காய் கொஞ்சம் முத்தல்" என்றாள்.

"முத்தல்லதான் சத்து ஜாஸ்தி" என்று சொல்லி மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் சந்தோஷமாகச் சிரித்து, "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்றார். "எந்த மாத்திரை?" என்று இவர் அதைவிட நன்றாகச் சிரித்தார்.

3-அ

[கட்டுரைக்காகச் சேர்த்துவைத்த குறிப்பு. எங்கே போடுவது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன்: வெண்டையில் நார்ச்சத்து நிறைய. அந்தப் பசை, சாப்பாட்டிலிருக்கும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்கிறார்கள். 'கொஞ்சம்', 'லாம்', 'என்கிறார்கள்'. ஒரே வாக்கியத்தில் மூன்று வழுக்கல். அதே பசை, சர்க்கரைக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை உடம்பில் சரியாகச் சேரவிடாமல் தடுக்கலாம் என்று எலிகளை வைத்துச் செய்த ஆய்வும் உண்டு. அவளுக்கு இது தெரியாது. தெரிந்த நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கதை நின்றுவிடும்.]

ஆசிரியை போனில் கூப்பிட்டார். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"கட்டுரை கேட்டா கதை சொல்றீங்க. சரி, கதையாவே இருக்கட்டும். வெண்டைக்காய்ல சர்க்கரை குணமாகுமா, ஆகாதா? அதைச் சொல்லுங்க."

"உணவா நல்லது. மருந்தா பாத்தா… ஓரளவுக்கு… அது ஆளப் பொறுத்து…"

"வழவழ கொழகொழன்னு பேசாதீங்க!" என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நழுவிப் பேசுவதற்கு நம் பாஷை இப்படி ஒரு வார்த்தையை வைத்திருக்கிறதே என்ற யோசனைதான் வந்தது. அந்தத் திரை தைப்பவள் இனிமேல் பேசப்போகிற பாஷை அதுதான் என்று அப்போதே தெரிந்தது.

4

மெக்கானிக் மாறிப்போனார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இல்லாவிட்டால் அவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது உங்களுக்குப் புரியாது. அதுவரை அவர் கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுக்கிற மனிதர். அண்ணன் போனதிலிருந்தே அப்படி. இப்போது கையில் ஒரு வெற்றி இருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பரிசோதனை முடிவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் மாட்டிக்கொண்டு உள்ளே ஆட்கள் அலற, இவர் மேலேயிருந்து இடுக்கு வழியாகக் குனிந்து, "பயப்படாதீங்க, இதோ ஆச்சு. உங்கள்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாராம். தெருவில் 'வெண்டைக்காய் டாக்டர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உன் கைராசிடி. எங்கண்ணனுக்கு இப்படி ஒருத்தி வாய்க்கல" என்றார்.

அவளுக்கு அது இனித்தது. இனித்த இடத்திலேயே எரிந்தது. கையை விடுவித்துக்கொள்ளவும் மனமில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. பயத்தால் மறைக்கிறாளா, அல்லது இந்தப் பாராட்டு போய்விடுமே என்று மறைக்கிறாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். முதல் விதத்தில் அவள் தெய்வமாகிவிட்டாள், இரண்டாவதில் கள்ளியாகிவிட்டாள். இரண்டையும் கிழித்தேன். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளாத புருஷன் ஒரு நாள் பிடித்தால் யாருக்குத்தான் விட மனம் வரும்?)

5

அவளுக்கு ஒரு தம்பி. பஸ் டிரைவர், கல்யாணம் கட்டாத ஒண்டிக்கட்டை. அவனுக்கும் சர்க்கரை, அவளைவிட அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று எழுதப் பார்த்தேன், ஆனால் அவளுக்குச் சர்க்கரையே இல்லை. மன்னியுங்கள். மாமாவான மெக்கானிக்கைவிட அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இரண்டு வகை மாத்திரை, தவறாமல் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான்.

ஒரு சாயங்காலம் வந்தவன், தன் மாத்திரை அட்டைகளைக் கொத்தாக எடுத்து அக்காவின் தையல் மேசையில் வீசினான்.

"இந்தாக்கா. குப்பையில போடு. இனிமே நானும் மாமா கட்சி."

மாமா வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "அப்படி ஒரேயடியா நிறுத்தாதடா."

"ஏன், மாமா நிறுத்தலையா?"

"அவர் உடம்பு வேற, உன் உடம்பு வேற."

"என்ன வேற? ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானே?"

"அது… எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கும்னு சொல்ல முடியாது. கொஞ்ச நாள் ரெண்டையும் சேத்து… பாத்து…"

"வழவழ கொழகொழன்னு பேசாதக்கா. ஒத்துக்குமா, ஒத்துக்காதா?"

'அவள் நிமிர்ந்து, "உங்க மாமா மாத்திரையிலதான்டா உயிரோட இருக்காரு" என்று சொ'

இல்லை. சொல்லவைத்தேன், அழித்துவிட்டேன். வாசல் நிலையில் அவர் நிற்கிறார். அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தால் நாளையிலிருந்து இந்த வீட்டில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். மாத்திரையும் நிற்கும், வெண்டைக்காயும் நிற்கும். அண்ணன் போன வழி திறந்தே கிடக்கிறது. தம்பி பிழைக்க வேண்டுமானால் புருஷன் போக வேண்டும் என்கிற தராசில் அவளை நிற்கவைத்தது நான்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மிஷின் மறுபடி ஓடியது. திரையின் ஓரம் கோணலாகப் போயிற்று, பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

6

தம்பி தன் வீட்டிலேயே வெண்டைக்காய் போட்டுக் குடித்தான். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது. "மருந்துக்குக்கூட எறங்கல மாமா" என்று வந்து நின்றான். டெப்போவில் டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வரப்போகிறது. சர்க்கரை இப்படியே இருந்தால் ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டார்கள்.

மாமாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். "நீ வாங்கறதெல்லாம் முத்தல்டா மாப்ள. ஒடிச்சுப் பாக்காம அள்ளிட்டு வருவ. பேசாம டூட்டிக்குப் போற வழியில இங்க வந்து குடிச்சிட்டுப் போ. உங்கக்கா கைராசி."

மறுநாளிலிருந்து காலையில் மேசையில் இரண்டு டம்ளர்.

அவன் வீசிய மாத்திரை அட்டைகள் அவளுடைய நூல்கண்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"வேண்டாம்" என்றேன். "ஒருத்தரோட நிறுத்திக்கோ. இவன்கிட்டயாவது தனியா கூப்பிட்டு உண்மையச் சொல்லு."

"அவன் வாய் சும்மா இருக்காது. ரெண்டு நாள்ல மாமா காதுக்குப் போயிடும்."

"அதுக்காக யாருக்கும் தெரியாம…"

"எழுதறவங்களுக்கு என்ன, பிடிக்கலன்னா அடிச்சிட்டு வேற எழுதுவீங்க. எனக்கு விடிஞ்சா ரெண்டு பேர் டம்ளரோட வந்து நிக்கறாங்க. நீங்க வந்து அவர்கிட்ட சொல்றீங்களா?"

நான் எழுதிய ஆளிடமே நான் தோற்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தம்பியின் மாத்திரை இரண்டையும் சேர்த்து மடித்தாள்.

7

அன்று சாயங்காலம் தம்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சட்டை வியர்வையில் ஊறிக் காய்ந்திருந்தது. நாற்காலியில் விழுந்தவன் மாமாவிடம் நடந்ததைச் சொன்னான்.

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன் மாமா. திடீர்னு கை நடுங்குது. கண்ணு முன்னால ரோடு ரெண்டா தெரியுது. வேர்த்துக் கொட்டுது. எப்படியோ ஓரங்கட்டிட்டேன். பின்னால அத்தனை ஜனம். ஒரு அம்மா மிட்டாய் குடுத்தாங்க, அதைத் தின்னப்புறந்தான் உயிர் வந்துச்சு."

"அது ஒண்ணுமில்லடா" என்றார் வெண்டைக்காய் டாக்டர். "உடம்பு சுத்தமாகுது. கெட்டதெல்லாம் வெளிய வருது. நாளைக்கு இன்னும் ரெண்டு காய் சேத்துப் போடச் சொல்றேன்."

அவள் அடுப்படிக்குப் போனாள். கழுவுதொட்டியில் கிடந்த காலை டம்ளர்களை எடுத்து மறுபடி மறுபடி தேய்த்தாள். பின்னாலேயே தம்பி வந்தான். கதவை ஒருக்களித்து வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். மாமாகிட்ட சொல்லிடாத. அவர் மனசு நொந்துடும்."

"என்னடா?"

"நான் மாத்திரைய மறுபடியும் ஆரம்பிச்சிட்டேன். கண்ணு மங்க ஆரம்பிச்சதும் பயந்து போய்ப் புதுசா வாங்கிட்டேன். வீட்டுல போட்டுட்டுத்தான் வரேன். இங்க வந்து குடிக்கறது மாமாவுக்காக."

நான் இந்த வரியை எழுதிவிட்டு வீட்டுக்குள் நாலு சுற்று நடந்தேன். அவன் மாமாவின் மனம் நோகக்கூடாது என்று மறைத்தான். அவள் புருஷனின் உயிர் போகக்கூடாது என்று மறைத்தாள். இரண்டு பாசமும் அந்தப் பையனின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்து, ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கொன்றிருக்கும்.

அவள் இப்போது நழுவவில்லை.

"நானும் போட்டேன்டா."

"என்ன போட்ட?"

"நீ வீசிட்டுப் போன மாத்திரைய. நுணுக்கி உன் டம்ளர்ல போட்டேன். நீ அங்க ஒண்ணு போட்டுட்டு வந்து இங்க ஒண்ணு குடிச்சிருக்க. அதான் சர்க்கரை ஒரேயடியா எறங்கி இப்படி ஆச்சு. இனிமே இங்க எதையும் குடிக்காத. நாளைக்கே டாக்டரப் பாரு."

"அப்ப மாமாவுக்கும்…"

தலையை ஆட்டினாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அவளுக்கும் கண்ணில் நீரோடு சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா. டெப்போவில மாமா வந்து பேசினாரு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட்ட எல்லாருக்கும் காட்டினாரு. அதுல சில பேர் மாத்திரைய நிறுத்திட்டாங்க."

"நீ போய் உண்மையச் சொல்லு."

"நான் சொன்னா கேப்பாங்களா? உனக்கு வேலை செய்யல, அதான் பொறாமையில பேசறன்னுவாங்க. மாமாவே வந்து சொன்னாத்தான்."

முன்னறையிலிருந்து வெண்டைக்காய் டாக்டரின் குரல் வந்தது. போனில் யாருக்கோ, நுனியை எப்படி ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கசப்பை அறிந்தே குடித்தார், அவள் மனதுக்காக. இதைப் படித்து நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். ஆனால் தெரிந்துகொண்டே டெப்போவில் போய் மற்றவர்களின் மாத்திரையை நிறுத்தியவர் என்றால் அவர் அயோக்கியர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அந்தப் பழியை அவர்மேல் போடமாட்டேன்.

இன்னொன்று: டெப்போவில் ஒருவர் மயங்கி விழுந்து செத்துப்போகிறார், அதைக் கேட்டு அவள் — வேண்டாம். ஒருத்திக்குப் புத்தி வருவதற்காக முகம்கூடத் தெரியாத ஓர் ஆளைச் சாகடிப்பது எழுதுகிறவர்கள் செய்கிற கொலை.

மூன்றாவது ஆசிரியை சொன்னது. "ஒரு டாக்டரைக் கொண்டுவந்து நல்லவிதமா விளக்க வைங்க. வெண்டைக்காயும் சாப்பிடலாம், மாத்திரையும் போடலாம், அளவா இருந்தா எல்லாம் நல்லதுன்னு முடிங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. நூற்றுக்கு நூறு சரி. மாத்திரையைப் பற்றி ஒரு டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், கேட்டாரா மெக்கானிக்?

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பார்கள். அது தானாக வெளியே வருகிற ரகசியத்துக்குச் சொன்னது. வெண்டைக்காய் முற்றினால் கடைக்கு வராது. செடியிலேயே நாராகி நிற்கும். யாராவது போய் ஒடித்தால்தான் உண்டு.

ஆகவே அவளை எழுப்பி நிற்கவைத்தேன்.

9

காலை. அவர் குளித்துவிட்டு வந்து அடுப்படி மேசையில் இருந்த டம்ளரை எடுத்தார். ஒன்றுதான் இருந்தது.

"எங்க உன் தம்பி? இன்னும் காணோம்?"

"அவன் வரமாட்டான். நான்தான் வர வேண்டாம்னேன்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என்னங்க, குடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க."

"சொல்லு."

இங்கே அவளுக்கு எத்தனையோ வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். 'நீங்க கோவப்படக் கூடாது', 'உங்க நல்லதுக்குத்தான்', 'அன்னைக்கு வேற வழி தெரியல'. எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

"உங்களுக்குச் சர்க்கரை எறங்கினது வெண்டைக்காயால இல்ல. டாக்டர் எழுதின மாத்திரைய நான் தினமும் இதுல நுணுக்கிப் போட்டேன். தம்பிக்கும் போட்டேன். அதுலதான் அவன் பஸ்ஸுல அப்படி ஆனான். உங்க பேச்சக் கேட்டு டெப்போவில மாத்திரைய நிறுத்தினவங்களுக்கு நீங்கதான் போய்ச் சொல்லணும்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். குளித்த தலையிலிருந்து தண்ணீர் காதோரம் இறங்கியது, துடைக்கவில்லை.

"ரிப்போர்ட் வந்த அன்னைக்கும்?"

"எல்லா நாளும்."

"உன் கையப் புடிச்சேனே. அன்னைக்கு?"

"அன்னைக்கும்."

அவர் முகம் ஒரு சின்னப் பையனின் முகம் மாதிரி ஆயிற்று. வாய் கோணியது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்கண்ணன் மாதிரி உங்களையும் தூக்கிக் குடுக்க என்னால முடியாதுங்க" என்றாள். "ஏமாத்தினேன். ஆமா. ஏமாத்தித்தான் உங்கள உயிரோட வெச்சிருந்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "டெப்போவுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நடந்ததத்தான். இதை வெச்சுத்தானே அவனுங்க நம்பினானுங்க. சிரிப்பானுங்க. சிரிக்கட்டும்." செருப்பை மாட்டத் திரும்பியவர் நின்றார். டம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது. அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல இருக்கா?"

இன்றைக்கு உண்மையைச் சொல்லப்போகிறோமே, போட வேண்டாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் இன்றைக்கும் அவர் ரத்தத்தில் சர்க்கரை ஓடுகிறதே.

"இருக்கு."

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. சோம்பல் இல்லை, இரண்டு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டையும் நம்பவில்லை. ஒன்றில் அவர் குடிக்கிறார், அது நான் அவளுக்குக் கொடுக்கிற கூலி மாதிரி இருக்கிறது. மற்றதில் கொட்டுகிறார், அது தண்டனை மாதிரி இருக்கிறது. தெரியாமல் இத்தனை நாள் வாங்கிக் குடித்ததைத் தெரிந்து ஒரு தடவை குடிப்பாரா என்பது அந்த மனிதர் சொல்ல வேண்டியது. நான் கேட்டால் அவர் என் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் என்கிறார்.

நீங்கள் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது உங்களுக்கு ஒரு டம்ளரை நீட்டியிருப்பார்கள், என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக் குடித்திருப்பீர்கள். கொட்டவைப்பதென்றால், கழுவுதொட்டி அவருக்கு இடப்பக்கம், கையை நீட்டினால் போதும். குடிக்கவைப்பதென்றால் சீக்கிரம் ஆகட்டும். நேரமானால் பொடி அடியில் தங்கிவிடும்.